விற்றமின் ‘டி’யும் சிறுநீரகமும்

வெயிலிலே நாள் முழுவதும் உழைக்கும் கமக்காரருக்கு விற்றமின் ‘டி’ குறைவுபடுமோ என வினவின், படாது என்றே பலரும் விடை பகர்வர். ஆயின், வெயில் அவ்வுயிர்ச்சத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று. அதன் இறுதிப்படி சிறுநீரகத்திலே நிகழ்கின்றது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

ஞாயிற்றின் ஊதாகடந்த கதிர்கள் தோலிற் படும்போது, அங்குள்ள கொழுப்புப் பொருளொன்று விற்றமின் ‘டி’ ஆகின்றது. மீன், முட்டை மஞ்சட்கரு என்பவற்றாலும் அதனைச் சிறிது பெறுகின்றோம். எனினும், அந்நிலையில் அது தொழிற்படாது. ஈரலில் ஒரு மாற்றமும், பின்னர்ச் சிறுநீரகத்தில் மற்றொரு மாற்றமும் எய்திய பின்னரே கல்சிற்றியோல் என்னும் தொழிற்படு வடிவம் பிறக்கும். உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு உதவுவது இதுவே. இவ்விறுதி மாற்றம் சிறுநீரகத்தில் நிகழ்வதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளரான பிரேசரும் கோடிசெக்கும் 1970இல் காட்டினர்.

சிறுநீரகம் பழுதுறின் கல்சிற்றியோல் குறையும், குருதியிற் பொசுபேற்றுத் தேங்கும், கல்சியம் தாழும். அக்குறையை ஈடுசெய்யக் கழுத்திலே கேடயச் சுரப்பியின் பின்னுள்ள நான்கு சிறு சுரப்பிகள் மிகையாகச் சுரந்து, என்பிலுள்ள கல்சியத்தைக் கரைத்துக் குருதிக்கு வழங்கும். அதனால் என்பு நலிந்து நோவும் முறிவும் உண்டாம்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் துணியப்படாத நீடித்த சிறுநீரக நோய், நம் மாத்தளை மாவட்டத்து வில்கமுவக் கமக்காரரையும் பற்றியுள்ளது. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாதாரிடத்தும் அது தோன்றுகின்றது. கடின நிலத்தடிநீர், புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெப்பத்தால் உடல் நீரிழத்தல் எனப் பல ஐயங்கள் உள. முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

அங்ஙனமாயின், விற்றமின் மாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்குதல் தீர்வாகுமோ? ஆகாது. மிகையான விற்றமின் ‘டி’ உடற்கொழுப்பில் தங்கி, குருதியின் கல்சியத்தை உயர்த்திச் சிறுநீரகத்தையே கெடுக்கும். எவ்வடிவில், எவ்வளவு வேண்டும் என்பதைக் குருதிச் சோதனையின் பின் வைத்தியரே துணிதல் வேண்டும். சிலர்க்குக் கல்சிற்றியோலையே நேராகக் கொடுக்க நேரிடும்.

இந்நோய் தொடக்கத்திற் குறியேதுங் காட்டாது. ஆதலின், நம் மாணவரும் பழைய மாணவரும் வயலில் உழைக்கும் தம் உற்றாரை அரசினர் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, சிறுநீரிற் புரதத்தையும் குருதியிற் கிரியேற்றினினையும் சோதிப்பிப்பாராக. கற்ற கல்வி பிறர்க்குப் பயன்படுவதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை.