பிள்ளைகளோடு பசிபிக் கரையில்

கேள்வி: கனடாவின் வான்கூவர் தீவுக்குப் போகிறோம். ஏழு வயது, நான்கு வயதுப் பிள்ளைகளை அந்தப் பாறைக் கரையில் நடக்கக் கூட்டிப்போகலாமா?
– ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: தாராளமாக. முதல் நடைக்கு யூக்ளூலெட் ஊரின் வைல்டு பசிபிக் பாதையைத்தான் சொல்வேன். அதில் கலங்கரை விளக்கச் சுற்று 2.6 கிலோமீட்டர், அகலமான சரளைப் பாதை, வழியெங்கும் உட்கார்ந்து அலை பார்க்க பெஞ்சுகள். நான்கு வயதுக் கால்களும் தாங்கும். 1905 டிசம்பரில் ‘பாஸ் ஆஃப் மெல்ஃபோர்ட்’ என்ற பாய்மரக் கப்பல் இங்கே மோதி, அதிலிருந்த அனைவரும் மாண்டார்கள். மறு ஆண்டே விளக்கு வந்தது. மூத்த பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள். கடலுக்கு ஏன் மரியாதை தரவேண்டும் என்பது புரியும்.

மனசுக்கு மிகப் பிடித்தது போர்ட் ரென்ஃப்ரூவின் பொட்டானிக்கல் பீச். கடல் உள்வாங்கும்போது பாறைக் குழிகளில் கடற்சாமந்தி, நட்சத்திர மீன் எல்லாம் தெரியும். ஓத அட்டவணையில் நீர்மட்டம் 1.2 மீட்டருக்குக் கீழே இருக்கும் வேளையாகப் பார்த்துப் போங்கள். தொட்டுப் பிடுங்க வேண்டாம், பார்த்தால் போதும். திரும்பும்போது ஏற்றம் உண்டு. சின்னப் பிள்ளையைத் தூக்க நேரலாம்.

ஈரமான கறுத்த பாறையில் யாரும் ஏறக்கூடாது. எதிர்பாராமல் பேரலை வந்து இழுத்துவிடும். கரையை ஒட்டியிருப்பது கரடியும் மலைச்சிங்கமும் உள்ள காடு. பிள்ளைகளை முன்னால் ஓடவிடாமல், சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள். கோடையிலும் மழைச்சட்டை, மாற்றுக் காலுறை அவசியம்.