டிக்கெட் வேறு, போர்டிங் பாஸ் வேறு



வானில் விமானம் பறந்தால் வீட்டு முற்றத்துக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்துக் கையசைத்த காலம் ஒன்று உண்டு. இன்று நிலைமை மாறிவிட்டது. செவிலியர் படிப்பை முடித்து வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் அக்காமார், வடமாநிலக் கல்லூரிகளில் சேரப் புறப்படும் மாணவியர், வெளியூரிலுள்ள பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பாட்டிமார் எனப் பலரும் விமானம் ஏறுகின்றனர். முதன்முறை செல்வோரைப் பெரிதும் திகைக்க வைப்பது ஒரு சிறு துண்டுச் சீட்டுதான். அதன் பெயர் போர்டிங் பாஸ். அதை எவ்வாறு பெறுவது, எவ்வாறு படிப்பது, அது எதற்காகத் தேவைப்படுகிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

டிக்கெட்டுக்கும் பாஸுக்கும் உள்ள வேறுபாடு

ரயிலில் முன்பதிவுச் சீட்டு கையிலிருந்தால் நேரே பெட்டியில் ஏறி நம் இடத்தில் அமர்ந்துவிடலாம். விமானத்தில் அவ்வாறு முடியாது. இன்ன நாளில், இன்ன விமானத்தில் செல்லப் பணம் செலுத்தியிருக்கிறோம் என்பதற்குச் சான்று டிக்கெட். "இவர் பயணத்துக்கு வந்துவிட்டார், இவரை ஏற்றலாம்" என்பதற்கு அனுமதி போர்டிங் பாஸ். திருமண அழைப்பிதழ் வந்துவிட்டதாலேயே பந்தியில் நமக்கு இலை விழுந்துவிடுமா? நாம் நேரில் போய் அமர்ந்தால்தானே விழும்! அதுபோலத்தான் இதுவும். இவ்வாறு நம் வருகையைப் பதிவு செய்து பாஸ் பெறுவதையே 'செக்-இன்' என்கிறார்கள்.

ஏன் இந்த இரட்டை வேலை?

விமானத்தில் ஏறியவர் யார், ஏறாதவர் யார் என்ற கணக்கு ஆள் பிசகாமல் சரியாக இருக்க வேண்டும். எடையைக் கணக்கிட்டு விமானத்தைச் சமநிலையில் வைப்பதற்கும் இக்கணக்குத் தேவை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 1985 ஜூன் 22 அன்று கனடாவின் வான்கூவர் நகரில் ஒருவர் தம் பெட்டியை விமானத்தில் ஏற்றிவிட்டு, தாம் ஏறாமல் நின்றுவிட்டார். அப்பெட்டி டொராண்டோவில் ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானத்துக்கு மாற்றப்பட்டது. மறுநாள் அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலின் மேல் அப்பெட்டியில் இருந்த குண்டு வெடித்தது. குழந்தைகள் பலர் உட்பட 329 பேர் உயிரிழந்தனர்.

பெட்டி வந்திருக்கிறது, பெட்டிக்குரியவர் வரவில்லை என்பதை அன்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இப்போது அவ்வாறு விடுவதில்லை. பெட்டியைக் கொடுத்தவர் விமானம் ஏறவில்லையென்றால், அப்பெட்டியைத் தேடி இறக்கிய பின்னரே விமானம் புறப்படும். நம் பெயரையும் இருக்கையையும் பெட்டியையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு வைப்பது இந்த செக்-இன் பதிவே. அதற்கு நம் கையிலுள்ள அடையாளம் போர்டிங் பாஸ். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் விமான நிலையத்தில் நடக்கும் சோதனைகள் யாவும் தொல்லையாகத் தோன்றா.

பெறும் வழிகள் மூன்று

முதலாவது, வீட்டிலிருந்தே பெறுதல். விமான நிறுவனத்தின் இணையதளத்திலோ செயலியிலோ பி.என்.ஆர். எண்ணையும் பெயரையும் கொடுத்தால் பாஸ் கைப்பேசிக்கு வந்துவிடும். பி.என்.ஆர். என்பது டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த குறியீடு. இந்திய நிறுவனங்கள் பலவும் உள்நாட்டுப் பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே இவ்வசதியைத் திறந்துவிடுகின்றன. இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது சிலவற்றுக்குத் தனிக் கட்டணம் காட்டும். அது கட்டாயமன்று. பணம் கட்டாமல், தானாக ஒதுக்கப்படும் இருக்கையை ஏற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது, விமான நிலையத்தில் உள்ள தானியங்கி இயந்திரம். பி.என்.ஆர். எண்ணைத் தட்டினால் பாஸ் அச்சாகி வரும்.

மூன்றாவது, கவுண்ட்டரில் பெறுதல். பெரிய பெட்டி இருந்தால் அதைக் கொடுக்கக் கவுண்ட்டருக்குத்தான் செல்ல வேண்டும். முன்பு சில நிறுவனங்கள் கவுண்ட்டரில் பாஸ் தருவதற்கு 200 ரூபாய் வாங்கின. அவ்வாறு கூடுதல் கட்டணம் வாங்கக்கூடாது என்று மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூலையில் அறிவித்தது. ஆகவே, கைப்பேசி பழக்கமில்லாத பாட்டியும் தயங்காமல் கவுண்ட்டரில் கேட்டுப் பெறலாம்.

பாஸைப் படிக்கும் முறை

பாஸ் கைக்கு வந்ததும் பைக்குள் திணித்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் நின்று படியுங்கள்.

பெயர்: ஆதார் முதலிய அடையாள அட்டையிலும், வெளிநாடு என்றால் பாஸ்போர்ட்டிலும் உள்ளவாறே இருக்க வேண்டும்.

ஊர்க் குறியீடு: ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள் உண்டு. சென்னைக்கு எம்.ஏ.ஏ., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., கோவைக்கு சி.ஜே.பி., தில்லிக்கு டி.இ.எல். மதராஸ் என்ற பெயர் 1996-இல் சென்னை என மாறிய பின்னும் பழைய குறியீடே நீடிக்கிறது.

இருக்கை எண்: '14 ஏ' என்றால் பதினான்காம் வரிசையில் 'ஏ' இருக்கை. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் மூன்று என இருக்கைகள் அமைந்த விமானத்தில் 'ஏ', 'எஃப்' ஆகியவை சன்னலோரம். 'சி', 'டி' நடைபாதையோரம். பாஸில் வரிசை எண் என்று மற்றோர் எண்ணும் இருக்கும். அது நாம் எத்தனையாவது ஆளாகப் பதிவு செய்தோம் என்பதைக் குறிப்பது. அதை இருக்கை எண் என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

கேட் எண்: விமானத்துக்குச் செல்லும் வாயிலின் எண் இது. கடைசி நேரத்தில் மாறக்கூடும். ஆதலால் அறிவிப்புப் பலகையையும் பார்த்து வர வேண்டும்.

நேரம்: இதில்தான் பலரும் ஏமாறுகின்றனர். புறப்படும் நேரம் வேறு, ஏறும் நேரம் வேறு. பொதுவாக, புறப்படுவதற்கு 20 அல்லது 25 நிமிடங்களுக்கு முன்பே கேட் மூடப்படும். கவுண்ட்டரோ உள்நாட்டுப் பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடப்படும். வெளிநாட்டுப் பயணத்துக்கு இன்னும் சற்று முன்னதாகவும் மூடலாம். சரியான நேரம் அவரவர் டிக்கெட்டில் இருக்கும். நேரம் 24 மணிக் கணக்கில் இருப்பதையும் கவனியுங்கள். 17.40 என்றால் மாலை 5.40. பன்னிரண்டாம் தேதி 00.30 என்றிருந்தால், பதினொன்றாம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் தேதி இரவு போனால் விமானம் முந்தின இரவே போயிருக்கும்!

பார்கோடு: கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும் நெருங்கிய கட்டம் இது. நம் பெயர், பி.என்.ஆர்., விமான எண், இருக்கை ஆகியவை இதற்குள் அடங்கியுள்ளன. இயந்திரம் இதைப் படித்துத்தான் நம்மை அனுமதிக்கிறது.

எங்கெங்கே காட்ட வேண்டும்?

நிலையத்தின் நுழைவாயிலில் டிக்கெட்டையோ பாஸையோ அடையாள அட்டையுடன் காட்ட வேண்டும். தில்லி, பெங்களூரு, வாரணாசி ஆகிய ஊர்களில் 2022 டிசம்பரில் தொடங்கிய 'டிஜி யாத்ரா' திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு முகமே அடையாளமாகிவிடுகிறது; விரும்பியவர் மட்டும் அதில் சேரலாம். அடுத்தது பாதுகாப்புச் சோதனை. அங்கே பெண்களைத் திரையிட்ட தனி இடத்தில் பெண் காவலரே சோதிப்பார், அஞ்ச வேண்டியதில்லை. கைப்பேசியைத் தட்டில் வைத்து அனுப்ப வேண்டியிருப்பதால் காகிதப் பாஸ் ஒன்று கையிலிருப்பது நல்லது. வெளிநாடு செல்வோர் குடியேற்ற அதிகாரியிடமும் காட்ட வேண்டும். இறுதியாகக் கேட்டில் காட்டி விமானம் ஏறலாம்.

மதுரையிலிருந்து சென்னை வழியாகத் தில்லி செல்பவருக்கு, பி.என்.ஆர். ஒன்றே ஆயினும், இரு விமானங்களுக்கும் தனித்தனிப் பாஸ் உண்டு. முதற்பாதி முடிந்ததும் இரண்டாவதைத் தொலைத்துவிடலாகாது. கவுண்ட்டரில் பெட்டிக்குத் தரும் சிறு ஒட்டுச் சீட்டையும், பெட்டி கைக்கு வந்து சேரும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

படம் எடுத்துப் போடலாமா?

முதல் விமானப் பயணத்தின் மகிழ்ச்சியில் பாஸைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டத் தோன்றும். வேண்டாம். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபட் 2020-இல் தம் போர்டிங் பாஸின் படத்தை இன்ஸ்டாகிராமில் வெளியிட்டார். அதிலிருந்த முன்பதிவு எண்ணைக் கொண்டு ஓர் இளைஞர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கண்டுபிடித்துவிட்டார். அந்த இளைஞர் நல்லவர். குறையை உரியவர்களுக்குத் தெரிவித்துத் திருத்தச் செய்தார். எல்லாரும் அவ்வாறு இருப்பார்களா? பயணம் முடிந்த பின்னும் பாஸைக் கிழித்தே எறிய வேண்டும்.

மாணவியரே, விமானத்தில் ஏறும் ஒவ்வொருவரும் கணக்கில் உண்டு. தாமதமாக வரும் ஒருவருக்காக மற்றவர்களும் காத்திருக்க நேரிடும். ஆகவே நேரத்தோடு செல்வதும், சீட்டைப் படித்தறிவதும், பத்திரமாக வைத்திருப்பதும் நமக்கு மட்டுமன்றி, உடன் பயணிப்போர் அனைவருக்கும் நாம் செய்யும் உதவியாகும். உங்கள் வீட்டில் யாரேனும் முதன்முறை விமானம் ஏறப் போகிறார்களா? அவர்கள் அருகில் அமர்ந்து அந்தச் சீட்டை வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் கற்ற கல்வி அவர்களுக்குத் துணையாக உடன் செல்லும்.

பயிற்சி வினாக்கள்

1. டிக்கெட்டுக்கும் போர்டிங் பாஸுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஒரு விமானம் 20-ஆம் தேதி 00.15 மணிக்குப் புறப்படுகிறது. 25 நிமிடங்களுக்கு முன் கேட் மூடப்படும் என்றால், எந்தத் தேதியில் எத்தனை மணிக்குள் கேட்டில் இருக்க வேண்டும்?
3. '9 எஃப்' என்ற இருக்கை எங்கே இருக்கும்?
4. பெட்டியைக் கொடுத்தவர் ஏறவில்லையெனில், பெட்டியை இறக்குவது ஏன்?