பல பிரிவும் பயின்ற பணியாளர்

"சங்கத்தில் ஐந்து பணியாளர் இருக்கின்றனர். ஒருவர் விடுப்பில் போனால் மட்டும் நூல் கிடைக்காமல் திரும்ப வேண்டியிருக்கிறதே, ஏன்?" நெசவாளர் சங்கங்களின் பேரவைக் கூட்டங்களில் அங்கத்தினர் எழுப்பும் இக்கேள்வியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சரக்கறையில் இருப்பவருக்குப் பேரேடு தெரியாது. பேரேடு எழுதுபவர் தறியருகே போனதில்லை. விற்பனை நிலையத்தில் நிற்பவருக்குத் துணியின் விலை தெரியும், அவ்விலை எவ்வாறு வந்தது என்பது தெரியாது. குறை இதுதான்.

நாம் பணியேற்ற மூன்றாம் ஆண்டில் ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்தில் சரக்கிருப்பைச் சரிபார்த்தோம். ஐப்பசி அடைமழையில் வந்திறங்கிய 40ஆம் நம்பர் சிட்டா நூலில் ஒரு பகுதி முழுக் கட்டுகளாகவே வழங்கப்பட்டுவிட்டது. எஞ்சிய 45 கட்டுகள் சாயமிட அனுப்புவதற்காகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. கட்டு ஒன்றுக்கு 4.54 கிலோ வீதம் ஏட்டில் 204 கிலோவுக்குச் சற்று மேல் இருப்பு இருந்தது. பங்குனி வெயிலில் நாம் நிறுத்தபோது 198 கிலோவே தேறியது. ஆறு கிலோ குறைவு. சரக்கறை எழுத்தர் இருபது ஆண்டு பணி புரிந்தவர், பேச்சற்று நின்றார். குறைவை அவரிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று நாம் குறிப்பும் எழுதத் தொடங்கிவிட்டோம்.

அப்போது விற்பனைப் பிரிவின் இளம் பெண் எழுத்தர் ஒருவர் அருகில் வந்து, "ஐயா, நிறையை விட்டுச் சிட்டங்களை எண்ணிப் பார்க்கலாமா? மழைக்காலத்தில் அண்ணன் விடுப்பில் போனபோது ஒரு மாதம் இச்சரக்கறையை நான் பார்த்தேன். இதே தராசில் அன்று கட்டு கூடுதலாகவே நின்றது" என்றார்.

நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு நிறையில் எத்தனை சிட்டம் என்பதே. ஒரு சிட்டம் 840 கெஜம். ஆகவே பத்துப் பவுண்டுக் கட்டில் 40ஆம் நம்பர் நூல் 400 சிட்டம் இருக்க வேண்டும். 45 கட்டுக்கு 18,000 சிட்டம். மாலை தொடங்கி இரவு வரை எண்ணினோம். எண்ணிக்கை ஏட்டோடு ஒத்தது. குறைந்தது நூலன்று, ஈரம். பருத்தி நூல் காற்றின் ஈரத்தை உண்டு உமிழ்வது. உலர்ந்த நூல் 100 கிலோவுக்கு எட்டரைக் கிலோ ஈரம் என்பது வணிக வழக்கில் ஒப்புக்கொண்ட அளவு. மழையில் அது ஏறும், கோடையில் இறங்கும். பட்டம் பெற்ற நமக்குப் பாடநூலில் படித்த இச்செய்தி அன்று நினைவுக்கு வரவில்லை. சரக்கறையில் ஒரு மாதம் நின்றவருக்கு வந்தது. எழுதிய குறிப்பைக் கிழித்தோம். வெட்கமாகத்தான் இருந்தது.

துணி பரிசோதனையிலும் இதே நிலைதான். 50 அங்குல அகலம், அங்குலத்துக்கு 56 இழை, 60 கெஜப் பாவு என்று கொள்வோம். இழைகள் 2,800, நூல் 1,68,000 கெஜம், சிட்டம் 200. ஊடையும் அங்குலத்துக்கு 56 ஆனால் அதற்கும் ஏறக்குறைய அவ்வளவே ஆகும். ஊடை 52 ஆகக் குறைந்தால் சுமார் 14 சிட்டம் மிஞ்சும். துணியை வாங்கி வைப்பவர் இழைக் கண்ணாடியைத் தொடாவிட்டால் அவருக்கு நீள அகலம் சரியாகவே தோன்றும். கணக்கருக்கு நூல் கணக்கு நேராகவே தெரியும். துணி தளர்வாக இருக்கிறதென்ற வாங்குவோரின் முறையீடு விற்பனை நிலையத்தோடு நின்றுவிடும். மூன்று இடத்திலும் பழகிய ஒருவரே இவற்றை இணைத்துப் பார்ப்பார். வேறு காரணத்தால் நேர்ந்த குறைவுக்கு நெசவாளர் மீது வீண்பழி விழாமல் தடுப்பவரும் அவரே.

வேளாண் கடன் சங்கங்களுக்கும் இது பொருந்தும். 2018 முதல் யூரியா மூட்டை 45 கிலோ. உரக் கிடங்கில் நிற்பவருக்கு இது கைப்பழக்கம். கடன் பிரிவில் இருப்பவர் பழைய 50 கிலோக் கணக்கிலேயே மூட்டைகளை எழுதினால், விவசாயிக்கு மூட்டைக்கு ஐந்து கிலோ குறைந்து போகும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. எல்லாப் பிரிவும் பயில்வது வேறு, எல்லாச் சாவியும் ஒருவரிடமே இருப்பது வேறு. சரக்கறைச் சாவியும் இருப்பேடும் ஒரே கையில் ஒரே காலத்தில் இருக்கலாகாது; இதில் நாம் விட்டுக்கொடுப்பதில்லை. பிரிவு மாறும் நாளில் இருவரும் சேர்ந்து இருப்பை எண்ணி, பட்டியலில் இருவரும் கையொப்பமிட்ட பின்னரே பொறுப்பு மாற வேண்டும். அவ்வாறு செய்யாத சங்கங்களில், பின்னர் குறைவு தோன்றும்போது எவர் காலத்தது என்று அறிய வழியே இராது.

நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். கேட்டவுடன் எவ்வேலையும் செய்பவரை, ஆளில்லாத இடத்தையெல்லாம் அடைக்கும் ஆளாக வைத்துக்கொள்வது பல சங்கங்களின் வழக்கம். பதவி உயர்வு வரும்போது அவர் பெயர் எவருக்கும் நினைவில் இராது. பணியாளர் எப்பிரிவில் எத்தனை நாள் பணி செய்தார் என்பதை உத்தரவாக எழுதி, பணிப்பதிவேட்டில் சேர்க்க வேண்டும். பணியாளரும் அந்த எழுத்தைக் கேட்டுப் பெறத் தயங்கவேண்டாம். அதைக் கேட்பது பேராசையன்று.

பயிற்சிக்குப் பெரும் ஏற்பாடு வேண்டியதில்லை. நூல் வழங்கும் நாளில் கணக்கர் ஒருமணி நேரம் தராசருகே நிற்கட்டும். துணி வாங்கும் நாளில் விற்பனையாளர் இழைக் கண்ணாடி வைத்துப் பத்துத் துணியேனும் எண்ணட்டும். முதியவர்கள் சொல்லிக்கொடுக்கத் தயங்குவது உண்டு. தம் இடம் போய்விடுமோ என்ற அச்சமே காரணம். மேற்சொன்ன சரக்கறை எழுத்தருக்கு அவ்வச்சம் முன்பு இருந்ததாக அவரே நம்மிடம் பின்னர் ஒப்புக்கொண்டார்.

அச்சங்கத்தில் இப்போது நூல் வந்திறங்கும் நாளில் நிறைக்கு ஒரு பத்தி, சிட்ட எண்ணிக்கைக்கு ஒரு பத்தி என ஏட்டில் இரண்டும் பதிவாகின்றன. இரண்டாம் பத்திக்குக் கோடு இழுத்துத் தலைப்பெழுதியவர் அவ்விளம் எழுத்தரே.