17 வயசு தம்பிக்கு ஸ்போர்ட்ஸ் கார்: ஆர்.சி.யில யார் பேரு?

தேவர்சோலையில வீடு, கோவையில வேலை. குடும்பத்துல சம்பள ஸ்லிப் இருக்கிற ஒரே ஆள் நீங்க. தம்பி செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் கேட்கிறான். "லோன் மட்டும் உன் பேர்ல போடுப்பா"ன்னு அப்பா சொல்றார்.

10 லட்சம், 9% வட்டி, 7 வருஷம்னா மாசம் சுமார் 16,090 ரூபாய். வட்டி மட்டுமே 3.5 லட்சம். இதைக்கூட சமாளிச்சிடலாம்.

ஆனா லோன் உங்க பேர்லன்னா ஆர்.சி.யும் உங்க பேர்லதான். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவைப் பாருங்க. 18 வயசு ஆகாதவர் ஓட்டி குற்றம் நடந்தா வண்டி ஓனருக்கு 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியோட பதிவும் 12 மாசம் ரத்து. 'எனக்குத் தெரியாம எடுத்துட்டான்'னா அதை நிரூபிக்க வேண்டியதும் நீங்கதான். தம்பிக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடைக்காது.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினா கார் டேமேஜுக்கு க்ளெய்ம் வராது. அடிபட்டவங்களுக்குக் கம்பெனி கொடுக்கிற தொகையையும் உங்ககிட்ட வசூலிக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போடலாம். அது லட்சங்கள்ல, சில சமயம் கோடியில போகும்.

2024 மே 19, புனே கல்யாணி நகர். 17 வயசுப் பையன் ஓட்டினதா வழக்கு பதிவான போர்ஷே மோதி, பைக்ல போன 2 ஐ.டி. இன்ஜினியர்கள் இறந்தாங்க. ரெண்டு பேருக்கும் 24 வயசு, அதாவது உங்க வயசு. பையனோட அப்பாவும் கைதானார்.

தம்பிக்கு 18 ஆகட்டும், லைசென்ஸ் எடுக்கட்டும். கூடலூர் ரோட்டுக்குப் பழைய ஆல்டோ தாராளம். ஸ்போர்ட்ஸ் காரை அவன் சம்பள ஸ்லிப்ல வாங்கிக்கட்டும்.