இல்லத்துக் கைத்தொழில்

தாமிரபரணி பாயும் திருநெல்வேலிச் சீமை கைவினைக்குப் பேர்பெற்றது. பனையோலையால் பெட்டி முடைவோரும், கோரையால் பாய் நெய்வோரும், நூலால் பூவேலை செய்வோரும் இந்நிலத்தில் பலர். ஆற்றின் கீழ்கரையை அடுத்த பாளையங்கோட்டையோ பள்ளிகள் மலிந்த ஊர். எழுத்தும் எண்ணும் கற்கும் பெண்மக்கள் அவற்றோடு ஊசியும் நூலும் கையாளப் பழகுவது அங்கு நெடுநாளைய வழக்கம். பள்ளியில் பழகிய பின்னலை அவர்கள் இல்லத்தில் ஓய்ந்த வேளையில் தொடர்வர். மேசை விரிப்பும் தலையணை உறையும் செய்து உற்றார்க்குக் கொடுத்து மகிழ்வர். ‘இத்துணை அழகாய் இருக்கின்றதே! இதனை விற்றால் என்ன?’ என்று யாரேனும் ஒருவர் கேட்கும் நாளில், பொழுதுபோக்காக இருந்த கலை தொழிலின் வாயிலில் வந்து நிற்கின்றது. அவ்வாயிலைக் கடப்பது எளிது. கடந்தபின் நிலைத்து நிற்பதே அரிது. அதன் காரணத்தை அறிய, இத்திசையிலேயே நிகழ்ந்த வரலாறு ஒன்று துணைசெய்யும்.

தென்மொழிகளின் உறவை ஆராய்ந்து 1856ஆம் ஆண்டில் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல்லின் பெயரைத் தமிழ் மாணவர் நன்கு அறிவர். அவர் சென்னையிலிருந்து நெடுவழி நடந்து, 1841ஆம் ஆண்டின் இறுதியில் இடையன்குடி என்னும் சிற்றூரை அடைந்தார். செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த ஊர் அது. ஒப்பிலக்கணம் பிறந்த அதே ஊரில் பெண்பிள்ளைகள் மெல்லிய வெண்ணூலைப் பின்னிப் பூவும் கொடியும் ஆக்கும் தொழிலும் வேரூன்றியது. அதனை அவர்களுக்குக் கற்பித்தவர் கால்டுவெல்லின் மனைவியார் எலைசா அம்மையார். கணவர் இயற்றிய நூலை உலகம் அறியும். மனைவியார் பயிற்றிய நூல்வேலையை அறிந்தவர் சிலரே.

எலைசா அம்மையார் நாகர்கோயிலில் தொண்டாற்றிய மால்ட் பாதிரியாரின் மகளார். தமிழ் நன்கு அறிந்தவர். 1844ஆம் ஆண்டில் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். அவர் கற்பித்த கலை தாய்வழி வந்தது. 1820ஆம் ஆண்டை ஒட்டி, அவர்தம் அன்னையார் நாகர்கோயிலில் பெண்களுக்கெனப் பள்ளி நிறுவி, அங்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். ரேந்தை என்பது ஆடையின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் பூப்பின்னல். இச்சொல் தமிழன்று, போர்த்துகீசியர் வாயிலாகக் கடற்கரை வழியே வந்து தமிழில் கலந்தது. அலமாரி, சாவி, ஜன்னல் என்பனவும் அவ்வழி வந்தவையே. இன்று ‘லேஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லே பெருவழக்காயினும், தென்கோடியில் ரேந்தை என்னும் பெயர் நெடுங்காலம் வழங்கியது.

ரேந்தை பின்னும் முறை காண்பதற்கு இன்பம் தருவது. வைக்கோல் முதலியன இறுக அடைத்த திண்டு ஒன்றின்மேல், பூவின் வடிவம் குறித்துத் துளையிட்ட தடித்த தாளைப் பொருத்துவர். நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகள் இணை இணையாகத் திண்டினின்று தொங்கும். சிறு பூவுக்குச் சில இணைகள் போதும். அகன்ற வேலைக்கு நூற்றுக்கு மேற்பட்ட குச்சிகளும் வேண்டும். இத்துணைக் குச்சிகளை வைத்துக்கொண்டு கை செய்வன இரண்டே செயல்கள்: ஒன்றன்மேல் ஒன்றைக் குறுக்கே இடுதல்; ஒன்றோடொன்று முறுக்குதல். இடையிடையே குண்டூசி குத்தி, பின்னல் கலையாதவாறு நிறுத்துவர். இவ்விரண்டு செயல்களின் அடைவாலேயே இலையும் கொடியும் வலைக்கண்ணும் உருவாகும். வேலை முடிந்து ஊசிகளைக் களைந்தபின்னரே முழு வடிவமும் விளங்கும். விரலளவு நீளம் பின்னுவதற்குள் நாழிகை பல கழிந்துவிடும் என்பதை மட்டும் ஈண்டு நினைவிற்கொள்க.

அந்நாளில் நாகர்கோயில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. அவ்வரசில் அடிமை முறை முற்றும் ஒழிக்கப்பட்ட ஆண்டு 1855. அதற்கு முன்னரே, பள்ளியில் பின்னல் கற்ற அடிமைப் பெண்கள் சிலர், தமக்குக் கிடைத்த கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தம் விலையைத் தாமே கொடுத்து விடுதலை பெற்றனர் என்று அக்காலத் தொண்டர்களின் குறிப்புகள் கூறுகின்றன. சீமாட்டியர் உடுத்தும் ஆடைக்கு ஓரம் பின்னிய விரல்கள் தம் தளையைத் தாமே அவிழ்த்துக்கொண்டன. கைத்தொழிலின் வரலாற்றில் இதனினும் பெரிய ஊதியம் யாது? இடையன்குடியிலும் இத்தொழில் பயன்தந்தது. பனையேறும் தொழில் ஆண்டு முழுதும் நடவாது. பதனீர் வற்றிய திங்களில் கையில் காசு இராது. அத்தகைய வேளையில் ஒரு பெண் இல்லத்திலிருந்து ஈட்டிய சிறு பணமும் பெரிதாக மதிக்கப்பட்டது.

இத்தொழில் எவ்வாறு நடந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். நூலும் பூவடிவமும் அம்மையார் போன்றோர் கொடுத்தனர். முடிந்த ரேந்தையை இந்நாட்டில் வாழ்ந்த ஐரோப்பியரிடத்தும், கப்பலேற்றி இங்கிலாந்திலும் விற்றனர். பின்னியவள் அளவுக்குத் தக்க கூலி பெற்றாள். தன் ரேந்தையை வாங்கியவர் முகத்தை அவள் கண்டிலள். அங்கு அஃது என்ன விலை பெற்றது என்பதையும் அறிந்திலள். அதுமட்டுமன்று. நாகர்கோயிலில் ரேந்தைத் திண்டு வைக்கப்படுவதற்கு முன்பே, ஹீத்கோட் என்பவர் இங்கிலாந்தில் வலைப்பின்னல் செய்யும் பொறி ஒன்றனைக் கண்டுபிடித்திருந்தார். நாட்டிங்ஹம் நகரத்துப் பொறிகள் நாளடைவில் மலிவான ரேந்தையை முழக்கணக்கில் உலகெங்கும் அனுப்பின. கைப்பின்னலின் அருமை அறிந்து, மிகுந்த விலை கொடுத்தும் அதனையே வேண்டுவோர் இருக்குமளவும் கைத்தொழிலுக்கு இடம் உண்டு. அத்தகையோர் இருக்குமிடத்தை அறியாதவளுக்கு அவ்விடம் இருந்தும் பயன் இல்லை.

இக்குறை பெரிதாக வளர்ந்த இடம் ஒன்று வடக்கே உண்டு. கோதாவரி ஆற்றின் கழிமுகத்தில் உள்ள நரசாபுரம் என்னும் ஊரைச் சுற்றிலும், கிறித்தவத் தொண்டர் வாயிலாகவே சென்ற நூற்றாண்டுக்கு முன்னர் ரேந்தை பரவியது. அங்குப் பெண்கள் கொக்கி ஊசியால் பின்னினர். வணிகர் அதனைத் திரட்டிக் கடல்கடந்த நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தனர். மரியா மீஸ் என்னும் செருமானிய அறிஞர் அவ்வூர்களில் தங்கி ஆராய்ந்து, 1982ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது வியப்பும் வருத்தமும் தருவது. அப்பெண்கள் வீட்டு வேலை அனைத்தும் செய்து, அதன்மேல் நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னினர். ஆயினும் அவர்களைத் தொழிலாளர் என்று யாரும் கருதவில்லை. அவர்களும் தம்மை அவ்வாறு கருதவில்லை. ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வது’ என்றே அனைவரும் கூறினர். சும்மா இருக்கும் நேரத்துக்கு விலை ஏது? ஆதலின் கூலி, அரசு வகுத்த குறைந்த அளவுக் கூலிக்கும் மிகக் கீழே நின்றது. வணிகர் செல்வராயினர்.

ஓய்வு நேரம் என்னும் இனிய சொல்லே இங்குப் பகையாக மாறிற்று. பின்னலை ஓய்வாகக் கொள்ளும் வரையில் அதனைக் கணக்கிட வேண்டுவதில்லை. விலைக்கு விற்கத் தொடங்கிய அன்றே கணக்கிடுதல் கடமையாகின்றது. இவ்வுண்மையை உணர்ந்த பெண்கள் பிற்காலத்தில் ஒன்றுகூடினர். 1972ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் இலா பட் என்னும் அம்மையார் தோற்றுவித்த சேவா சங்கம், இல்லத்திலிருந்து உழைப்போரும் தொழிலாளரே என்று வாதாடியது. 1996ஆம் ஆண்டில் உலகத் தொழிலாளர் நிறுவனமும் இல்லத்து உழைப்பாளர்க்கென ஓர் உடன்படிக்கை வகுத்தது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், சேமிப்பையும் கடனையும் பெண்கள் கைக்கே கொணர்ந்தன.

இனி, பாளையங்கோட்டையில் கொக்கி ஊசிப் பின்னல் வல்ல ஒருத்தி தன் வேலையை விற்கத் தொடங்குகின்றாள் என்று கொள்வோம். அவள் மேசை விரிப்பு ஒன்று செய்கின்றாள். நூல் 120 ரூபாய். அதனைத் துவைத்து, கஞ்சியிட்டு, தாளில் பொதிந்து, பேருந்தில் சென்று கொடுத்து வர 20 ரூபாய். விரிப்பை 300 ரூபாய்க்கு விற்கின்றாள். செலவு போக 160 ரூபாய் மிச்சம் என்று அவள் மனம் மகிழ்கின்றது. ஆயின், அவ்விரிப்புக்கு அவள் செலவிட்டது இருபது மணி நேரம். மணிக்கு எட்டு ரூபாய் ஆகின்றது! அதே வாரத்தில் அவள் இரவிக்கைக்கு ஒரு சிறு ஓரம் பின்னுகின்றாள். நூலும் பிறவும் 30 ரூபாய். விலை 180 ரூபாய். நேரமோ மூன்று மணி. இதில் மணிக்கு 50 ரூபாய் நிற்கின்றது. விரிப்பைக் கண்டோர் அனைவரும் புகழ்ந்தனர். ஓரத்தை யாரும் புகழவில்லை. கணக்கேடு இல்லையேல் அவள் புகழையே நம்பி, ஆண்டு முழுதும் விரிப்பே பின்னிக்கொண்டிருப்பாள்.

இதனால் விரிப்பைக் கைவிட வேண்டும் என்பதன்று கருத்து. அதன் அருமை அறிந்து தக்க விலை கொடுப்பாரைத் தேட வேண்டும். கிடைக்கும் வரையில் ஓரம் பின்னிப் பொருள் ஈட்ட வேண்டும். நூலுக்கு வேண்டிய முதலை வீட்டுச் செலவோடு கலவாமல் தனிப்பையில் வைத்தல் நன்று. மீன் வாங்கவும் மருந்து வாங்கவும் அப்பையில் கை செல்லுமாயின் அடுத்த கண்டு நூல் வாங்க வழியிராது. எத்துணை எளிய குடும்பமாயினும் இவ்வொன்றில் கண்டிப்பு வேண்டும். உறவினரால் வரும் இடரும் உண்டு. ‘நம் பிள்ளைதானே, எனக்கும் ஒன்று பின்னிக் கொடேன்’ என்று பெரியம்மையும் அத்தையும் கேட்பர். அன்பினால் கொடுப்பது தகும். அதனையும் ஏட்டில் கொடை என்று எழுதி வைப்பது அதனினும் தகும். திங்கள் முடிவில் கொடை மிகுந்து விற்பனை குறைந்திருக்குமாயின், அவள் இன்னும் பொழுதுபோக்கின் பக்கத்திலேயே நிற்கின்றாள் என்பது தானே விளங்கும்.

விலையுயர்ந்த வேலைக்கும் வாழ்வு உண்டு என்பதைக் காணப் பாளையங்கோட்டையினின்று நெடுந்தொலைவு செல்ல வேண்டா. மேற்கே சேரன்மாதேவிக்குச் செல்லும் வழியில் பத்தமடை உள்ளது. அவ்வூர்ப் பாய் நாடறிந்தது. இந்நூற்றாண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. அங்கும் தறி இருப்பது இல்லத்தில். நெய்வோருள் பெரும்பாலார் பெண்கள். பச்சைக் கோரையை அறுத்து, வெயிலில் உலர்த்தி, கத்தியால் நுண்ணிதாகக் கீறி, உள்ளிருக்கும் சோற்றை நீக்குவர். பின்னர் ஓடும் நீரில் பல நாள் ஊற வைப்பர். தேங்கிய நீரில் இட்டால் கோரை கறுத்து அழுகும். ஊறிய கோரையை மீண்டும் உலர்த்திச் சாயமேற்றுவர். பண்டு சிவப்புக்குச் சப்பங்கி மரத்தின் சாயம் பயன்பட்டது. பாவாகப் பருத்தி நூலோ பட்டு நூலோ இழுத்துக் கட்டி, கோரையை ஊடாக ஒவ்வொன்றாகச் செலுத்துவர்.

அவர்கள் செய்வது ஒரே தரத்துப் பாய் அன்று. முரட்டுக் கோரையால் நாள்தோறும் விற்கும் படுக்கைப் பாய் ஒரு வகை. துணி போல் மடித்து வைக்கத்தக்க நுண்ணிய பட்டுப்பாய் மற்றொரு வகை. முன்னது விரைவில் முடியும். பின்னதற்குப் பல வாரங்கள் செல்லும். முன்னது அன்றாட அடுப்பை எரிக்க, பின்னது ஊருக்குப் பெயர் தேடித் தந்தது. பட்டுப்பாயின் விலை கேட்டு மலைப்போர், அதன் ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கிய கோரைகளை எண்ணிப் பார்ப்பாராயின் வாய் திறவார்.

திருமணத்துக்கென நெய்யும் பாயில் மணமக்கள் பெயரை எழுத்தாகவே நெய்து தருவது பத்தமடையார் வழக்கம். பெயர் நெய்த பாயை அவ்விருவரன்றிப் பிறர் வாங்கார். கொள்வோர் மனம் மாறினால் நெய்தவளின் பல நாளை உழைப்பு வீட்டு மூலையில் சுருண்டு கிடக்கும். ஆதலின், அத்தகைய வேலையைத் தறியில் ஏற்றுமுன் கோரைக்கும் நூலுக்கும் சாயத்துக்கும் ஆகும் செலவையேனும் முன்பணமாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். பெயர்களின் எழுத்தையும் அவர்கள் கைப்பட ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தறியில் ஏறிய எழுத்தைத் திருத்த இயலாது.