லினக்ஸ் மீது விழும் வீண்பழி

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, மறையூர், பீர்மேடு பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிடையே, பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கப்படும் புதிய லேப்டாப்பைப் பற்றி ஒரு வதந்தி ஓயாமல் உலவுகிறது. பள்ளியில் பயன்படும் லினக்ஸ் இயங்குதளத்தை அதில் நிறுவினால் கிராபிக்ஸ் மந்தமாகிவிடும், பிளெண்டர் என்னும் அசைவூட்ட மென்பொருளைத் திறந்தால் திரை உறைந்து நிற்கும், காணொளி விட்டுவிட்டு ஓடும், ஆகவே அதை அழித்துவிட்டு யாரிடமாவது கொடுத்து விண்டோஸ் போட்டுக்கொள்வதே நல்லது என்பதுதான் அந்த வதந்தி. இது தவறு. பள்ளியில் கற்ற கருவியைப் பிள்ளையின் கையிலிருந்து வீட்டில் பிடுங்கிக்கொள்ள இது காரணமாகிறது என்பதால், வெறும் அறியாமை என்று பொறுத்துப்போகத் தக்கதும் அன்று.

கேரளப் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பக் கல்விக்காக 2001-இல் ‘ஐடி@ஸ்கூல்’ என்ற பெயரில் தொடங்கிய திட்டம் 2017-இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. 2018-இல் 8 முதல் 12 வரையிலான வகுப்புகளில் 45,000 வகுப்பறைகளை லேப்டாப்பும் புரொஜெக்டரும் கொண்டவையாக மாற்றும் பணியை அது மேற்கொண்டது. அங்கெல்லாம் ஓடுவது, உபுண்டு என்னும் லினக்ஸ் வகையைத் தழுவிப் பள்ளிகளுக்கென்று அமைக்கப்பட்ட கட்டற்ற மென்பொருளாகும். கட்டற்ற மென்பொருள் என்பது எவரும் பயன்படுத்தவும் படியெடுக்கவும் உள்ளே பார்த்துத் திருத்தவும் உரிமை தரும் மென்பொருள். ஐ.டி. பாடநூல் தமிழிலும் அச்சாகிறது. ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் பிள்ளைகள் பிளெண்டரில் முப்பரிமாண அசைவூட்டம் பழகுகிறார்கள். பள்ளியின் லேப்டாப்பில் ஓடும் பிளெண்டர் வீட்டிலுள்ள புதிய, விலைகூடிய லேப்டாப்பில் ஓடவில்லை என்றால், குற்றம் இயங்குதளத்தில் இருக்க இயலாது என்பதை இந்த ஒப்பீடே காட்டியிருக்க வேண்டும்.

உண்மைக் காரணம் டிரைவர் எனப்படும் இயக்கியில் இருக்கிறது. 1920 × 1080 புள்ளிகள் கொண்ட ஒரு திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 முறை அவற்றைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தை ஒவ்வொரு நொடியும் தீர்மானித்தாக வேண்டும். அதற்கென்றே கிராபிக்ஸ் சில்லு இருக்கிறது. அந்தச் சில்லோடு பேசத் தெரிந்த நிரலே இயக்கி. லினக்ஸில் இயக்கியின் ஒரு பகுதி, இயங்குதளத்தின் மையமான கெர்னலிலும், மற்றொரு பகுதி 1993-இல் தொடங்கி இன்றுவரை வளர்ந்துவரும் மெசா என்னும் நிரல்தொகுப்பிலும் அமைந்துள்ளது. சில்லை அடையாளம் காணக்கூடிய இயக்கி கிடைக்காதபோது கணினி நின்றுவிடுவதில்லை. மெசாவிலுள்ள ‘எல்எல்விஎம்பைப்’ என்னும் மாற்று ஏற்பாடு, படம் வரையும் வேலை முழுவதையும் பொதுக் கணக்கீடுகளுக்கான சிபியுவின் தலையில் ஏற்றிவிடுகிறது. திரை தெரியும், ஆனால் ஊர்ந்து செல்லும், விசிறி ஓலமிடும். வதந்தி பரப்புவோர் காண்பது பெரும்பாலும் இந்தக் காட்சியைத்தான்.

இது ஏன் புதிய லேப்டாப்பில் கூடுதலாக நேர்கிறது? கைமாறிக் கைமாறி வரும் பென் டிரைவில் இருப்பது பெரும்பாலும் பழைய பதிப்பு. உபுண்டு 18.04 பதிப்பு 2018 ஏப்ரலில் வந்தது, 22.04 பதிப்பு 2022 ஏப்ரலில் கெர்னல் 5.15 உடன் வந்தது. இன்டெல் நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட கோர் அல்ட்ரா வரிசைச் சில்லை, அதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்ட கெர்னல் எவ்வாறு அறிந்திருக்கும்? பிறக்காத குழந்தைக்கு ரேஷன் கார்டில் பெயர் இல்லை என்று அதிகாரியைக் குறை கூறுவது போன்ற வாதம் இது. புதிய கெர்னல் கொண்ட பதிப்பை நிறுவினால், பல நேரங்களில் அந்த ஒரு மணி நேர வேலையிலேயே கோளாறு தீர்ந்துவிடும்.

என்விடியா நிறுவனத்தின் கிராபிக்ஸ் சில்லு கூடுதலாக உள்ள லேப்டாப்புகளில் சிக்கல் சற்று ஆழமானது. இவற்றில் மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும் உள்ளிணைந்த சில்லு ஒன்றும், வலுவான தனிச்சில்லு ஒன்றுமாக இரண்டு இருக்கும். வேலைக்கேற்ப எதைப் பயன்படுத்துவது என்று இயங்குதளத்திற்குச் சொல்லித் தர வேண்டும். மேலும், 2014-இல் வந்த தலைமுறை தொட்டு, தன் சில்லின் வேகத்தை உயர்த்தும் உள்நிரல் தன் கையொப்பம் பெற்றதாக இருக்க வேண்டும் என்று அந்நிறுவனம் கதவை அடைத்தது. அதனால் தன்னார்வலர்கள் எழுதிய ‘நூவோ’ இயக்கி பல ஆண்டுகள், சில்லைத் தொடக்க வேகத்திலேயே ஓட்டவேண்டியதாயிற்று. நிறுவனத்தின் சொந்த இயக்கியை நிறுவினாலும், ‘செக்யூர் பூட்’ என்னும் பாதுகாப்பு ஏற்பாடு இயங்கும் லேப்டாப்பில், அடுத்த முறை கணினி தொடங்கும்போது தோன்றும் நீலத் திரையில் கடவுச்சொல்லைக் கொடுத்து ஒப்புதல் தராவிட்டால் அந்த இயக்கி ஏற்றப்படாது. அந்தத் திரையைப் படிக்காமல் தள்ளிவிட்டு, பிறகு லினக்ஸைத் திட்டுவது எவ்வகையிலும் நியாயமில்லை.

இயக்கி இல்லையென்றால் விண்டோஸும் இதே நிலைக்குத்தான் வரும் என்பதை வதந்தி மறைத்துவிடுகிறது. பழுதுபார்ப்பவர் புதிதாக விண்டோஸை நிறுவி, சில்லுக்குரிய இயக்கியைப் போடாமல் திருப்பிக் கொடுத்தால், ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்ற பொது ஏற்பாட்டில் அதே திக்கல், அதே ஊர்தல் தோன்றும். லினக்ஸால் கிராபிக்ஸ் இயலாது என்று சொல்பவரின் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னலே. அதில் பிள்ளைகள் விளையாடும் விளையாட்டுகள் தடையின்றி ஓடுவதை அவரே நாள்தோறும் காண்கிறார். விலையில்லா மென்பொருள் தரமற்றது என்ற எண்ணமும் இதனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. லாட்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் முழுவதும் பிளெண்டரில் உருவாக்கிய ‘ஃப்ளோ’ திரைப்படம் 2025 மார்ச்சில் சிறந்த அசைவூட்டப் படத்திற்கான ஆஸ்கரைப் பெற்றது என்பது அதற்குப் போதுமான மறுப்பு.

ஏனைய நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. மலையோரத்தில் வோல்டேஜ் குறைவதால் கிராபிக்ஸ் மந்தமாகிறது என்பார்கள். லேப்டாப் சார்ஜர் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், ஆனால் மழைக்காலத்தில் கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதும், 135 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 65 வாட் சார்ஜரைச் செருகினால் அதே குறைப்பு நிகழும் என்பதும் உண்மை. மூணாறு குளிரில் லேப்டாப் சூடாகாது என்பது மற்றொன்று. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு என்றாலும் குளிர் அதை ஈடுசெய்துவிடும், ஆனால் கம்பளியின் மேல் வைத்துக் காற்றுத்துளையை அடைத்தால் எந்தக் குளிரும் உதவாது. கோடையில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டில் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

ரேமைக் கூட்டினால் சரியாகும் என்பதில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. உள்ளிணைந்த சில்லுக்குத் தனி நினைவகம் கிடையாது, பொது ரேமையே பகிர்ந்துகொள்ளும். டிடிஆர்4-3200 வகையில் ஒற்றை ரேம் தகடு நொடிக்கு 25.6 ஜிகாபைட் வரை கடத்தும், இரண்டு தகடுகள் இணைந்தால் 51.2. ஆகவே இரண்டாவது தகடு உதவுவது கொள்ளளவால் மட்டுமன்று, பாதை இரட்டிப்பாவதாலும் ஆகும். இயக்கியே இல்லாத லேப்டாப்பில் எத்தனை தகடு செருகினாலும் அது வீண் செலவு.

என்விடியா 2022 மே மாதத்தில் தன் இயக்கியின் கெர்னல் பகுதியைத் திறந்த நிரலாக வெளியிட்டதும், 2018-க்குப் பிந்தைய அதன் சில்லுகளை நூவோ உரிய வேகத்தில் ஓட்டுவதற்கான வழி கெர்னல் 6.7-இல் வந்ததும், பூட்டிய கதவுகளும் திறக்கும் என்பதற்குச் சான்றுகள். இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்குத் திறந்த இயக்கிகள் கெர்னலிலேயே உள்ளன. பள்ளிக்கு மொத்தமாக வாங்குவோரும், கோவையிலோ தேனியிலோ கடையேறி ஒன்றே ஒன்று வாங்கும் பெற்றோரும், திறந்த இயக்கி உண்டா என்பதை விலைக்கு முன்பே கேட்க வேண்டும். சோதிப்பதும் எளிது. உபுண்டுவின் புதிய பதிப்பை ஒரு பென் டிரைவில் எடுத்துச் சென்று, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் வசதியில் திறந்து, அமைப்புகளில் கணினியைப் பற்றிய பக்கத்திலுள்ள கிராபிக்ஸ் வரியைப் படிக்க வேண்டும். அங்கே சில்லின் பெயர் இருந்தால் வாங்கலாம், ‘எல்எல்விஎம்பைப்’ என்றிருந்தால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லலாம், பார்க்கவே விடமாட்டேன் என்று மறுக்கும் கடையிலிருந்து வெறுங்கையோடு இறங்கிவிடலாம்.