ஊர்ப் பணத்திற்குக் கணக்குக் கேட்டல்

கரும்பு பயிரிடும் நம் அங்கத்தினர் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கோ கச்சிராயபாளையம் ஆலைக்கோ வண்டியை அனுப்பினால், எடைச் சீட்டைப் பாராமல் இருப்பதில்லை. நெசவாளர் நூற்கட்டைக் கையில் தூக்கிய அளவிலேயே குறைவைச் சொல்லிவிடுவார். ஆயினும், இவ்விருவரும் தத்தம் தெருவில் சிமெண்டுச் சாலை போடப்படும்பொழுது அதன் கனம் யாது என்று கேட்பதில்லை. ‘அது சர்க்கார் வேலை’ என்று ஒதுங்கிவிடுகின்றனர். உளுந்தூர்பேட்டை வட்டாரத்துச் சங்கங்களுக்குச் செல்லுந்தோறும் இதனை நாம் கண்டு வருகிறோம். ஆதலின், இம்மாதப் பாடமாக இதனையே எடுத்துக்கொண்டோம்.

கணக்குக் கேட்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை, குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வுக்கு உரியரல்லர் என்பது அங்குக் கண்ட விதி. உறவினரையும் சேர்த்து விலக்கியதை நோக்குக. பணம் எவ்வழியாக வெளியேறும் என்பதை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர்!

அண்மைக்காலச் சான்று ராஜஸ்தானத்தில் உள்ளது. சென்னையில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, 1975-இல் அதனை விட்ட அருணா ராய் அம்மையாரும் அவர்தம் தோழர்களும் 1990-இல் அங்கு உழவர், தொழிலாளர் அமைப்பு ஒன்றைத் தொடங்கினர். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் சிற்றூரில் மக்களைக் கூட்டி, ஊர்ப் பணிகளின் செலவுக் கணக்கை உரக்கப் படித்தனர். காகிதத்தில் எழுதப்பட்டதையும் கண்ணெதிரே நின்றதையும் ஊரார் ஒப்பிட்டுப் பார்த்தனர். எழுத்தறியாதோரும் அக்கூட்டத்தில் தணிக்கையாளர் ஆயினர். அவ்வியக்கத்தின் விளைவுகளுள் ஒன்றே 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழ்நாடு 1997-லேயே இப்பொருள்பற்றித் தனிச்சட்டம் இயற்றியிருந்தது என்பதும் நினைவிற்குரியது.

ஒப்பந்தப் பணி எவ்வாறு நடைபெறுகிறது? முதலில் எஸ்டிமேட் என்று வழங்கும் மதிப்பீடு தயாராகும். நீளம், அகலம், கனம், கலவை விகிதம் யாவும் அதில் இருக்கும். பின்னர், 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டப்படி அறிவிப்பு வெளியாகும். புள்ளி அனுப்புவதற்குப் போதிய அவகாசம் தரவேண்டும். அதனைக் குறைப்பின், மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்தே குறைக்கலாம். புள்ளிகளைத் தந்தவர் முன்னிலையில் பிரிக்க வேண்டும். வேலை நடக்க நடக்க, அளவுகள் அளவுப் புத்தகத்தில் ஏறும். பட்டியல் தொகை அந்தப் புத்தகத்தைக் கொண்டே வழங்கப்பெறும்.

இவ்வளவுப் புத்தகமே திறவுகோல். நூறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், பதினைந்து சென்டிமீட்டர் கனம் உள்ள சாலைக்கு 45 கன மீட்டர் கலவை வேண்டும். கனம் பன்னிரண்டாகக் குறைந்தால் 36 கன மீட்டரே போதும். மூன்று விரற்கடைக்கும் குறைவான அந்த வேறுபாட்டில், கலவையில் ஐந்தில் ஒரு பங்கு மறைந்துவிடுகிறது. மேலிருந்து பார்ப்போர் கண்ணுக்கு இது தென்படாது. மழைக்காலம் ஒன்று கழிந்தபின் தென்படும்.

தகவல் உரிமைச் சட்டம் நகல் பெறுவதோடு நிற்கவில்லை. பணிகளையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடவும், பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் அதன் இரண்டாம் பிரிவு இடந்தருகிறது. கட்டணம் பத்து ரூபாய். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளார்க்கு அதுவும் இல்லை. முப்பது நாளில் விடை வரவேண்டும். வாராவிடில் மேல்முறையீடு உண்டு.

நம் வட்டாரத்து ஊர் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். சாலையின் ஓரத்தை அளந்த அங்கத்தினர் ஒருவர், கனம் பதினொன்றே என்று நம்மிடம் வந்தார். ஓரம் சரிந்திருக்கக்கூடும், அதை மட்டும் கொண்டு குற்றம் சாற்றலாகாது என்று தடுத்தோம். அவர் விண்ணப்பம் அனுப்பினார். அதிகாரிகள் முன்னிலையில் மூன்று இடங்களில் மாதிரி எடுக்கப்பட்டது. இரண்டு இடங்களில் கனம் சரியாகவே இருந்தது. கடைசி இருபது மீட்டரில் மட்டும் குறைவு காணப்பட்டது. அப்பகுதி ஒப்பந்தக்காரரின் டெபாசிட்டிலிருந்து மீண்டும் போடப்பட்டது. முழுச் சாலையும் கொள்ளை என்று ஊர் பேசியது பொய்யாயிற்று. குறையே இல்லை என்றதும் பொய்யாயிற்று. ஒப்பந்தக்காரர் அவ்வங்கத்தினருக்குப் பங்காளி முறை. அவ்வாண்டு அவர் வீட்டுக் காதுகுத்துக்கு இவருக்கு அழைப்பு வரவில்லை. கணக்குக் கேட்பவன் செலுத்தும் கட்டணம் பத்து ரூபாயோடு முடிவதில்லை என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. தனியொருவர் கேட்பதினும் பத்துப் பேர் கையெழுத்திட்டுக் கிராம சபையில் கேட்பது நலம் என்று நாம் சொல்வது இதனாலேயே.

நம் வீட்டையும் பார்ப்போம். பணியில் சேர்ந்த புதிதில், சங்கம் ஒன்றின் கிடங்குக் கூரைக்கு வந்த மூன்று விலைப்புள்ளிகளைப் பார்த்து ஒப்பமிட்டோம். வெவ்வேறு கடைகளின் தலைப்பு. எழுதிய கையோ ஒன்றே! ஓராண்டு கழித்துத் தணிக்கையாளர் காட்டிய பின்னரே அது நம் கண்ணிற்பட்டது. கூட்டுறவுச் சங்கங்கள் பொதுவாகத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வரும் பொது அதிகார அமைப்புகள் ஆகா என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் கேரளத்து வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. ஆயினும், பதிவாளர் சட்டப்படி பெறக்கூடிய தகவலை அவர் வழியே கேட்கலாம். 1983-ஆம் ஆண்டின் நம் கூட்டுறவுச் சட்டத்தில் 80-ஆம் பிரிவு தணிக்கையையும், 81 விசாரணையையும், 87 இழப்பை உரியவரிடம் ஈடுசெய்வதையும் கூறுகின்றன. பொதுக்குழுவில் தணிக்கை அறிக்கை படிக்கப்படும்பொழுது தேநீர் அருந்த எழுந்து செல்லும் அங்கத்தினர்க்கு இப்பிரிவுகள் எவ்வாறு பயன்படும்?

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுவது 2022 முதல் வந்த முறை. நகர வார்டுகளுக்குப் பகுதி சபைகள் உள்ளன. செல்லுமுன் விண்ணப்பத்தில் நான்கு வரி எழுதினால் போதும்: இன்ன தெருவில் இன்ன பணி, அதன் மதிப்பீட்டு நகல், ஒப்பந்த நகல், அளவுப் புத்தகப் பக்கங்கள் வேண்டும், பணியை நேரிற் பார்வையிட நாள் குறித்துத் தருக. ‘ஊழல்’ என்ற சொல்லை அதில் எழுத வேண்டா. பெற்றுக்கொண்டமைக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி, சங்கக் கோப்பில் ஒரு நகலை வைத்துவிட்டு வீடு திரும்புக.